கண்மாய்த் தொடருக்கு நெட்லோகோ: ஒரு மென்பொருள் மதிப்புரை

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களுக்காக நாங்கள் வடிவமைத்துவரும் ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிப்பதற்கு, நெட்லோகோ என்ற சிமுலேஷன் கருவியை, அதாவது ஒரு தொகுப்பின் நடத்தையைக் கணினிக்குள் மாதிரியாக ஓட்டிக் காட்டும் மென்பொருளை, நானும் என் இறுதியாண்டு மாணவர்களும் சில பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். ஒரு தொகுப்பின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தன் விதிப்படி சரியாக நடந்துகொள்ளும்போதே, அவை சேர்ந்த இடத்தில் யாரும் எழுதிவைக்காத ஒரு நடத்தை எழக்கூடும் என்பதை மாணவர்களுக்குக் கண்முன் காட்ட இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்படி எழும் கூட்டு நடத்தை ஆபத்தில்லாதது என்று உறுதி சொல்ல இந்த மென்பொருள் தனியாகப் போதாது. இதன் திரையில் தெரிவதை மட்டும் நம்பி கண்மாய் நீரைத் திறந்து மூடும் ஒரு ஷட்டரைக்கூட யாரும் தானியங்கியாக்கிவிடக் கூடாது. இந்த இரண்டு கருத்துகளுக்கும் உரிய காரணங்களை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் எங்கள் தேவையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஒரு கருவியின் தரம் அதனிடம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மதுரை வட்டாரத்துக் கண்மாய்கள் தனித்தனியே நிற்பவை அல்ல. மேலே இருக்கும் கண்மாய் நிறைந்தால் உபரி நீர் கலுங்கு என்னும் வழிவாயைக் கடந்து மறுகால் பாய்ந்து, கால்வாயில் இறங்கி, அடுத்த கண்மாய்க்குப் போகிறது; அது நிறைந்தால் அதற்குக் கீழுள்ளதற்கு. மழைநீரை மட்டும் நம்பியிருக்கும் தொடர்களும் உண்டு. 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையும் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும் தரும் கால்வாய் நீரைச் சேர்த்துப் பெறும் தொடர்களும் உண்டு. வைகை அணையைப் பொறுத்தவரை முடிவு எடுப்பது ஓர் இடம்: முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி, 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. கண்மாய்த் தொடருக்கு அப்படி ஒரு மையம் கிடையாது. ஒவ்வோர் ஊரிலும் மடையும் கலுங்கும் அந்தந்த ஊரின் பொறுப்பில் இருக்கின்றன. மேலூர்க்காரர் திறந்த செய்தி கீழூருக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிகிறது என்று மடை பார்க்கும் பெரியவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அந்தக் குறையைப் போக்கும் ஒரு திட்டத்தைத்தான் மாணவர்கள் வடிவமைத்தார்கள். கலுங்கில் ஷட்டர் உள்ள ஒவ்வொரு கண்மாயிலும் ஒரு சிறு கருவி. அதில் நீர்மட்ட உணரி, ஒரு சிறிய செயலி, குறைந்த மின்சாரத்தில் சில கிலோமீட்டர் வரை பேசக்கூடிய லோரா ரேடியோ. மையக் கணினி இல்லை. ஒவ்வொரு கருவியும் தனக்கு மேலே உள்ளதோடும் கீழே உள்ளதோடும் மட்டும் பேசும். நீர்மட்டம் மேல் குறியைத் தாண்டினால் கீழ்க் கண்மாயிடம் இடம் இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் ஷட்டரைத் திறக்கும். இல்லையென்றால் கரைக்கு ஆபத்து நேரும் மட்டம் வரை பொறுத்திருக்கும். அந்த மட்டத்தை எட்டினால் யாரையும் கேட்காமல் திறக்கும். விதிகள் இவ்வளவுதான், ஒரு தாளில் அடங்கிவிடும். தொடர் முழுவதும் வெள்ளத்தைப் பங்கிட்டுத் தாங்க வேண்டும் என்ற குறிக்கோள் எந்தக் கருவிக்குள்ளும் எழுதப்படவில்லை. அது கூட்டாக எழ வேண்டும். எழுமா, எழுவது அதுவாகத்தான் இருக்குமா என்பதே கேள்வி. இந்த அமைப்பு இன்னும் எந்தக் கண்மாயிலும் பொருத்தப்படவில்லை. கேள்விக்கு விடை கிடைக்கும் வரை பொருத்தவும் மாட்டோம்.

இப்படிக் கேட்பது வீண் அச்சம் அல்ல என்பதற்குக் கணினி வலையமைப்புகளின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1980 அக்டோபர் 27 அன்று பல மணி நேரம் முடங்கியது. அதன் கணுக்கள், அதாவது செய்திகளை வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்தும் கணினிகள், தம் நிலையை அறிவிக்கும் செய்திகளுக்கு 0 முதல் 63 வரை வரிசை எண் இட்டு, எண் சுற்றி வருவதால் ஒரு விதியை வைத்து எது புதியது, எது பழையது என்று தீர்மானித்தன. ஒரு கணுவின் நினைவகக் கோளாறால் ஒரே செய்தி 44, 40, 8 என்று மூன்று எண்களோடு உலவத் தொடங்கியது. விதிப்படி 40-ஐவிட 44 புதியது, 8-ஐவிட 40 புதியது, 44-ஐவிட 8 புதியது. எனவே ஒவ்வொரு கணுவும் கைக்கு வந்ததைப் புதிய செய்தி என்று ஏற்று அண்டைக் கணுக்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. வலையமைப்பு அந்தச் செய்திகளால் நிறைந்துபோனது. கோளாறு ஒரு மூலையில் தொடங்கியது உண்மைதான், ஆனால் அதை நாடெங்கும் பரப்பிய மற்றக் கணுக்கள் அத்தனையும் தம் விதியைப் பிழையில்லாமல் கடைப்பிடித்தன. கண்மாய்க் கருவிகளுக்கும் இதே வகை நோய் வரக்கூடும், அங்கே நிறைவது செய்தி அல்ல, தண்ணீர் என்பதால்தான் சோதனையில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறோம்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். நெட்லோகோவை உருவாக்கியவர் யூரி விலென்ஸ்கி, 1999-இல் வெளிவந்தது, அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்தும் ஆய்வு மையம் இன்றுவரை அதைப் பராமரித்து வருகிறது. 1967-இல் சிறுவர்களுக்காக சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கிய லோகோ மொழியின் வழியில் வந்தது இது. லோகோவில் ஓர் ஆமைக்குக் கட்டளை இட்டோம், இங்கே ஆயிரக்கணக்கான ஆமைகளுக்கு ஒரே நேரத்தில் இடுகிறோம். தனக்குக் கொடுத்த விதிப்படி தானே இயங்கும் உறுப்பை ஏஜென்ட் என்கிறார்கள்; ஆமை என்பது நகரும் ஏஜென்ட். அது நிற்கும் தரை சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரமும் தானும் ஓர் ஏஜென்டாக இயங்குகிறது. இரண்டு ஆமைகளை இணைக்கும் கோடும் ஓர் ஏஜென்ட். எங்களுக்குக் கண்மாய் என்பது ஓர் ஆமை, கால்வாய் என்பது ஓர் இணைப்பு. மூல நிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. தனக்கு வேண்டிய ஜாவாவைத் தன்னோடே கொண்டுவருவதால் ஆய்வகத்தின் பழைய கணினிகளிலும் வம்பில்லாமல் நிறுவ முடிகிறது. நிறுவும் உரிமை இல்லாத கணினியில் உலாவியிலேயே ஓடும் வடிவமும் உண்டு.

கூடவே வரும் மாதிரி நூலகம்தான் முதல் நாளிலேயே மாணவர்களைப் பிடித்துக்கொள்கிறது. எறும்புகள் மோப்பத் தடத்தை விட்டு உணவுப் பாதையைக் கண்டுபிடிப்பது, கறையான்கள் சிதறிக் கிடக்கும் சுள்ளிகளைக் குவிப்பது, கிரெய்க் ரெய்னால்ட்ஸ் 1987-இல் காட்டிய மூன்று விதிகளை ஒட்டிப் பறவைகள் திரளாகச் சேர்வது, ஒரு வாகனம் வேகம் குறைத்ததால் உண்டான நெரிசல் சாலையில் பின்னோக்கி நகர்வது என்று ஏராளமான மாதிரிகள் இருக்கின்றன. நெரிசல் மாதிரி வெறும் பொம்மை இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓட்டிப் பார்த்தபோது, தடை ஏதும் இல்லாமலேயே நெரிசல் தானாகத் தோன்றிப் பின்னோக்கி நகர்ந்ததை 2008-இல் வெளியிட்டார்கள். மதுரையின் கோரிப்பாளையம் சந்திப்பில் தினமும் நிற்கிறவர்களுக்கு அது வியப்பாக இராது. ஆனால் காரணம் எந்த ஓட்டுநரிடமும் தனியாக இல்லை என்பதை இந்த மாதிரியைத் திறந்து, வாகன எண்ணிக்கையை மாற்றும் நகர்த்தியை இழுத்துப் பார்த்தபோதுதான் பல மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். போக்குவரத்து விளக்குகளே தமக்குள் ஒழுங்கமைத்துக்கொள்ளும் முறையை 2005-இல் முன்வைத்த கார்லோஸ் கெர்ஷென்சனும் தம் சோதனைகளை நெட்லோகோவில்தான் செய்தார்.

எங்களுக்கு மிகவும் பயன்பட்டது மின்மினி மாதிரி. ஒவ்வொரு மின்மினியும் தன் கடிகாரப்படி மினுக்குகிறது. அருகிலுள்ளது மினுக்கினால் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. சற்று நேரத்தில் திரை முழுவதும் ஒன்றாக மினுக்குகிறது. கண்மாய்க் கருவிகள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து மட்டத்தைப் பார்க்கின்றன. அண்டைக் கருவியின் செய்தி வந்தால் அதைக் கவனித்துவிட்டுத் தம் 15 நிமிடத்தை அப்போதிலிருந்து மீண்டும் எண்ணுகின்றன. மின்சாரத்தைச் சேமிக்க இது நல்ல ஏற்பாடாகவே தோன்றியது. நெட்லோகோவில் ஓட விட்டபோது, வெவ்வேறு நேரத்தில் விழிக்கத் தொடங்கிய கருவிகள் மாதிரிக் காலத்தில் சில நாட்களுக்குள் ஒரே நேரத்தில் விழிப்பவையாக மாறிவிட்டன. அதன் பிறகு மேலிருந்து கீழ்வரை எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் கீழே இடம் இருக்கிறது என்று கண்டு ஒன்றாகத் திறக்க, சிறு சிறு திறப்புகளாக இருக்க வேண்டியவை ஒரு பெரிய அலையாகக் கடைசிக் கண்மாயில் வந்து இறங்கின. எந்தக் கருவியின் நிரலிலும் பிழை கிடையாது. இணையத்தில் செய்திகளுக்கு வழிகாட்டும் திசைவிகளிலும் (ரவுட்டர்) இதே ஒத்திசைவு உண்டாகிறது என்று சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் 1993-இல் காட்டி, இடைவெளியில் போதுமான அளவு தற்செயலைக் கலப்பதே மருந்து என்று சொல்லியிருக்கிறார்கள். அதே மருந்து இங்கேயும் வேலை செய்தது. விதிகளைப் படித்து மட்டும் இந்த அலையை நாங்கள் கண்டுபிடித்திருப்போம் என்று நான் நம்பவில்லை. நெட்லோகோவுக்கு நான் தரும் மிகப் பெரிய பாராட்டு இதுவே.

இப்போது அதன் ஆபத்தான பக்கம். நெட்லோகோவில் ஏஜென்டுகள் அனைத்துக்கும் ஒரு வேலை கொடுத்தால், அது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைக்கப்பட்ட ஒரு வரிசையில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கிறது. ஒன்று தன் வேலையை முழுவதும் முடித்த பிறகே அடுத்தது தொடங்குகிறது. கலைத்த வரிசை என்பதால் யாருக்கும் நிரந்தர முன்னுரிமை கிடைப்பதில்லை, அது நல்லதே. ஆனால் வரிசையில் பின்னால் வரும் கண்மாய், முன்னால் வந்த கண்மாயின் புதிய மட்டத்தை அந்தக் கணமே பார்த்துவிடுகிறது. உண்மையில் அந்தச் செய்தி ரேடியோவில் போய்ச் சேர நேரமாகும். சில சமயம் போய்ச் சேராமலும் போகும். மாதிரியில் எல்லோரும் எல்லாவற்றையும் உடனே அறிந்திருப்பதால் தொடர் உள்ளதைவிட நிதானமாக நடந்துகொள்வதுபோல் தெரிகிறது. மையக் கட்டளை இல்லாமல் உறுப்புகள் தாமாகவே ஒழுங்குபடும் தன்னொழுங்கு மென்பொருளைச் சோதிக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பொறி இல்லை, ஏனென்றால் அப்படிப்பட்ட தொகுப்புகளின் கெட்ட நடத்தைகளில் பெரும்பாலானவை தாமதத்திலிருந்தே பிறக்கின்றன. இதற்கு வழி, மாதிரியின் காலம் நகரும் ஒவ்வோர் அடியையும் இரண்டாகப் பிரிப்பது: முதல் சுற்றில் எல்லா ஏஜென்டுகளும் தம் அடுத்த நிலையைக் கணக்கிட்டுத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டாம் சுற்றில் எல்லாம் அதை ஏற்க வேண்டும். செய்திகளுக்கு ஒவ்வொரு கருவியிலும் ஒரு பட்டியல் வைத்து, சேர வேண்டிய நேரத்தைக் குறித்து, நேரம் வந்த பிறகே படிக்க விட வேண்டும். குறிப்பிட்ட விகிதத்தில் செய்திகளைத் தற்செயலாகத் தொலைக்கவும் வேண்டும். இவற்றை நெட்லோகோ தானாகச் செய்து தராது, செய்யவில்லை என்று எச்சரிக்கவும் செய்யாது.

தொடக்க அமைப்பில் இன்னொன்றையும் உடனே மாற்ற வேண்டும். நெட்லோகோவின் உலகம் விளிம்புகளில் மடிந்து எதிர்ப்புறத்தோடு சேர்ந்திருக்கிறது. நீரைத் துளிகளாக நகர விடும் மாதிரியில், கடைசிக் கண்மாயைத் தாண்டி வெளியேறும் நீர் உலகின் மறு விளிம்பில் மீண்டும் உள்ளே வந்துவிடும். பறவைத் திரளுக்கு அது வசதி; நீர்க் கணக்குக்குப் பொய்.

நீர்க் கணக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு நல்ல பழக்கத்தையும் சொல்ல வேண்டும். உள்ளே வந்த நீர், வெளியே போன நீர், கண்மாய்களிலும் கால்வாய்களிலும் நிற்கும் நீர் ஆகியவற்றின் கணக்கு ஒவ்வோர் அடியிலும் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஒரு சிறு செயல்முறையை எழுதி, பொருந்தாவிட்டால் ஓட்டத்தையே நிறுத்திவிடச் செய்திருக்கிறோம். நெட்லோகோவில் எண்கள் எல்லாம் மிதவைப் புள்ளி எண்கள், அதாவது தசமப் பகுதியைக் குறிப்பிட்ட துல்லியத்தோடு மட்டும் வைத்துக்கொள்பவை, என்பதால் துல்லியமான சமத்தை எதிர்பார்க்க முடியாது. மிகச் சிறிய வேறுபாட்டுக்கு இடம் விட வேண்டும். கூட்டு நடத்தையைச் சோதிக்கும் முன் மாதிரியே நேர்மையாக இருக்கிறதா என்று பார்க்கும் இந்த வேலை அலுப்பானது; ஆனாலும் திரையில் ஓடும் படத்தைவிட எனக்கு நம்பிக்கை தந்தது இதுதான்.

பிஹேவியர்ஸ்பேஸ் என்ற உள்ளிணைந்த வசதியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நெட்லோகோவை வகுப்பறைப் பொருளிலிருந்து ஆய்வுக் கருவியாக உயர்த்துவது அதுவே. எந்த எந்த அளவுகளை எந்த எல்லைக்குள் மாற்ற வேண்டும், ஒவ்வொரு சேர்க்கையையும் எத்தனை முறை ஓட்ட வேண்டும், எதை அளந்து பதிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், கணினிச் செயலியின் எல்லா உள்மையங்களையும் (core) பயன்படுத்தி இரவு முழுவதும் தானாக ஓட்டி முடிவுகளைக் கோப்பில் எழுதிவிடுகிறது. தற்செயல் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணாக ஓட்டத்தின் வரிசை எண்ணையே கொடுத்துவிட்டால், விபரீதமான ஓர் ஓட்டத்தைப் பிறகு அப்படியே மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம்; தற்செயல் கலந்த ஒரு தொகுப்பில் பிழையைத் துரத்துகிறவனுக்கு இதன் மதிப்பு தெரியும். முடிவுகளை அட்டவணை வடிவில் கேட்டால் ஒவ்வோர் ஓட்டமும் நடக்க நடக்க எழுதப்படுகிறது. விரிதாள் வடிவிலோ எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதப்படும். மின்தடை வரக்கூடிய ஊர்களில் அட்டவணையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் எத்தனை முறை ஓட்டினால் போதும் என்பதை பிஹேவியர்ஸ்பேஸ் சொல்வதில்லை, மாணவர்களும் கேட்பதில்லை. முப்பது முறை ஓட்டி ஒன்றும் நடக்கவில்லை என்று அறிக்கை எழுதும் பழக்கம் நம் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரு கண்மாய்க் கரை நிரம்பி வழியும் நிகழ்தகவை 5 சதவீதப் புள்ளி கூடுதல் குறைவுக்குள், 95 சதவீத நம்பிக்கையோடு மதிப்பிட ஹோஃப்டிங் வரம்பு என்ற புள்ளியியல் விதியின்படி 738 ஓட்டங்கள் வேண்டும். அதே நம்பிக்கையோடு 1 சதவீதப் புள்ளிக்குள் வேண்டுமானால் 18,445. ஒரு முறைகூட வழியவில்லை என்ற முடிவுக்கு எளிய விதி ஒன்று உண்டு: 300 ஓட்டங்களில் ஒன்றும் நடக்கவில்லையென்றால், நடக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்குக் குறைவு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம், அதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது. முப்பது ஓட்டங்கள் என்றால் அந்த உறுதி 10 சதவீதத்தோடு நின்றுவிடும். பத்துக்கு ஒரு மழைக்காலத்தில் கரை உடையலாம் என்பதை மறுக்க முடியாத ஒரு சோதனையைச் சரிபார்ப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அளவுகளை மாற்றத் தொடங்கினால் எண்ணிக்கை இன்னும் பெருகும். ஐந்து அளவுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு மதிப்புகள் என்று வைத்தாலே 7,776 சேர்க்கைகள். ஒவ்வொன்றையும் நூறு முறை ஓட்டினால் 7,77,600 ஓட்டங்கள். எனவே முதலில் சில ஓட்டங்களால் ஆபத்தான மூலையைக் கண்டுபிடித்து, பிறகு அந்த மூலையில் மட்டும் ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறோம். இத்தனை எண்களும் மாதிரிக்குள் நாம் கொடுத்த மழைக்கும் வரத்துக்கும் மட்டுமே பொருந்தும் என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை நம் அட்டவணையைப் படித்துவிட்டுப் பெய்வதில்லை.

எத்தனை ஆயிரம் ஓட்டங்களாலும் எட்ட முடியாத இடமும் உண்டு. நூறில் ஒரு செய்தி தொலையும் ரேடியோவில், அடுத்தடுத்து நான்கு செய்திகளும் தொலையும் வாய்ப்பு 10 கோடியில் 1. சிமுலேஷன் அந்த வழியில் போகவே போகாது எனலாம். அங்கே உதவுவது மாடல் செக்கிங் என்ற முறை. தற்செயலாகச் சில பாதைகளில் நடந்து பார்ப்பதற்குப் பதிலாக, தொகுப்பு அடையக்கூடிய நிலைகள் அனைத்தையும் ஒழுங்காகத் துருவிப் பார்க்கும் முறை அது. அதை உருவாக்கியதற்காகவே எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன், ஜோசப் சிஃபாகிஸ் ஆகிய மூவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2007-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. நிகழ்தகவோடு கூடிய தொகுப்புகளுக்கு பர்மிங்காம், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களில் வளர்ந்த பிரிசம் என்ற இலவசக் கருவியை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பிரிசத்துக்குத் தொடர் முழுவதையும் கொடுக்க முடியாது. நீர்மட்டத்தை 5 படிகளாகவும், ஷட்டரை 3 நிலைகளாகவும், செய்தியை 3 நிலைகளாகவும் சுருக்கினாலும் ஒரு கண்மாய்க்கு 45 நிலைகள் ஆகின்றன. மூன்று கண்மாய்களுக்கு 91,125. ஆறு கண்மாய்களுக்கு 830 கோடியைத் தாண்டிவிடும். ஆகவே மூன்று கண்மாய்களை மட்டும் எழுதினோம். அந்தச் சிறு தொகுப்பிலேயே பிரிசம் ஒரு சிக்கலைக் காட்டியது: கேள்வியும் அதன் மறுமுயற்சிகளும் அடுத்தடுத்துத் தொலைந்தால், மேல் கருவி பதிலுக்குக் காத்திருக்க, கீழ்க் கருவி மேலே ஷட்டர் மூடியிருக்கிறது என்று நினைத்துத் தன் ஷட்டரையும் மூடிவைக்க, ஆபத்து மட்டம் வரும் வரை இரண்டும் அசையாமல் நிற்கக்கூடும். காத்திருப்புக்கு ஒரு கால எல்லை வைத்தபோது அந்த நிலை அடைய முடியாததாகிவிட்டது. அதே கால எல்லையை நெட்லோகோ மாதிரியிலும் சேர்த்து, நீளமான தொடரில் புதிய அலை ஏதும் எழவில்லையா என்று மறுபடியும் ஓட்டிப் பார்த்தோம். என் அனுபவத்தில் இரண்டு கருவிகளுக்கும் இடையே இப்படிப் போய்வருவதுதான் பலன் தருகிறது: பெரிய தொடரின் கூட்டு நடத்தையை நெட்லோகோ காட்டட்டும், சந்தேகத்துக்குரிய சிறு பகுதியை பிரிசம் முழுவதும் துருவட்டும், திருத்தம் மீண்டும் நெட்லோகோவுக்கு வரட்டும். ஆனால் இரண்டு கருவிகளுக்கும் இடையே பாலம் எதுவும் இல்லை. ஒரே விதியை இரண்டு மொழிகளில் கையால் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றே என்பதை மனிதர்தான் வரி வரியாகப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்த வகைச் சோதனைக்கு நெட்லோகோவிடம் நான் காணும் முதன்மையான குறை இதுவே.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிரலை வரிக்கு வரி நிறுத்திப் பார்க்கும் வசதி இல்லை. மாறிகளைத் திரையில் எழுதச் செய்துதான் பிழையைத் தேட வேண்டும். நிரலும் திரை அமைப்பும் ஒரே கோப்பில் கலந்திருப்பதால், பலர் சேர்ந்து வேலை செய்யும்போது ஒரு பொத்தானை நகர்த்தியதும் ஒரு விதியை மாற்றியதும் ஒன்றாகவே பதிவாகின்றன. நிரலைத் தனிக் கோப்புகளில் வைத்து இணைத்துக்கொள்வது ஓரளவு உதவும். பெரிய மாதிரிகள் நினைவகம் போதாமல் நின்றால், ஜாவாவுக்கு ஒதுக்கிய அளவை அமைவுக் கோப்பில் உயர்த்த வேண்டும். தமிழ் இடைமுகம் இல்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்கு மொழியின் கட்டளைகள் சில நாட்களில் பழகிவிடுகின்றன. கையேட்டைப் படிப்பதுதான் அவர்களுக்கு உண்மையான தடை. நெட்லோகோ கையேட்டின் அடிப்படைப் பகுதிகளை யாராவது பொறுப்பாகத் தமிழாக்கினால் அது பெரிய உதவியாக இருக்கும்.

மாற்றுக் கருவிகளையும் பார்த்தோம். பைதானில் எழுதப்படும் மேசா, ஏற்கெனவே அந்த மொழி தெரிந்தவர்களுக்கு இயல்பாக இருக்கும், சோதனை நிரல்கள் எழுதுவதும் எளிது. ஆனால் நெட்லோகோவில் ஒரே பிற்பகலில் கண்முன் வந்த மாதிரி அங்கே இன்னும் கூடுதல் உழைப்பைக் கேட்டது. ஜாவாவில் அமைந்த மேசனும் ரீபாஸ்டும் பெரிய அளவுச் சோதனைகளுக்கு உரியவை. முதல் கருவியாக அவற்றை மாணவர்களிடம் கொடுக்க மாட்டேன். உண்மையான நிலவரைபடத்தை வைத்து வேலை செய்ய வேண்டியவர்கள் காமா என்ற கருவியையும் பார்க்க வேண்டும்; நெட்லோகோவிலும் அதற்கான நீட்சி இருக்கிறது, எங்கள் தேவைக்கு அது போதுமானதாக இருந்தது.

தன்னொழுங்கு மென்பொருளில் இறங்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும், உணரி வலையமைப்புகளை வடிவமைக்கும் சிறு நிறுவனங்களுக்கும் நெட்லோகோவைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மின்மினி மாதிரியிலும் நெரிசல் மாதிரியிலும் தொடங்கி, அவற்றின் நிரலைப் படித்து, உங்கள் விதிகளை எழுதுங்கள். முதல் வாரத்திலேயே தாமதத்தையும் செய்தி இழப்பையும் சேர்த்துவிடுங்கள். அறிக்கையில் ஓட்டங்களின் எண்ணிக்கையையும் விதை எண்களையும் மறக்காமல் கொடுங்கள். எங்கள் அடுத்த வேலை, விதியை மீறும் ஒரு கண்மாயை மாதிரிக்குள் வைப்பது. இரவில் யாராவது ஷட்டரைக் கையால் ஏற்றிவிடுவதும், பலகை போட்டுத் தண்ணீரைத் தடுத்துவிடுவதும் இங்கே நடக்கிறவை என்று மடை பார்க்கும் பெரியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கண்மாய் தொடரின் நடுவில் இருக்கும்போது மற்றக் கருவிகள் என்ன செய்கின்றன என்பதை 18,445 ஓட்டங்களில் அளக்கப்போகிறோம். அந்த முடிவு வந்த பிறகே முதல் கருவியை எந்தக் கண்மாயில் பொருத்துவது என்ற பேச்சைத் தொடங்குவோம்.